கேட்போரும் எச்சமும்: பாலியல் வன்முறை பற்றிய மாணவர் குறும்படம் குறித்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

பல்கலைக்கழக மாணவர் குறும்படம் எடுக்கும் வழக்கம் இன்று பரந்துள்ளது. கைப்பேசியே படக்கருவியாகப் பயன்படும் இக்காலத்தில், முன்னர்ப் பெரும்பொருள் வேண்டி நின்ற இக்கலை சிறு முதலோடு கைகூடுவதாயிற்று. அம்மாணவர் எடுத்துக்கொள்ளும் பொருள்களுள் ஒன்று, தாம் பயிலும் இடத்திலேயே பெண்களுக்கு நேரும் பாலியல் வன்முறை. அப்பொருளைக் கொள்ளுதல் தக்கதே. எனினும், பொருள் சிறந்தது என்பதனாலேயே படைப்புச் சிறந்துவிடாது. காதற்பாட்டு ஒன்று பழுதுபட யாக்கப்படின் விளைவது சுவைக்கேடு மட்டுமே. இத்தகைய படம் பழுதுபட அமையின் விளையும் கேடு பெரிது. துன்புற்ற ஒருத்தி அதனைக் கண்டு, வாய் திறந்தால் தனக்கும் இதுவே நேரும் என அஞ்சி அடங்கிவிடக்கூடும். அவளைக் காக்க எடுத்த படமே அவளை ஊமையாக்கிவிடும் என்க. ஆதலின் இவ்வகைப் படங்களை மதிப்பிடுதற்கு உணர்ச்சி போதாது, அளவுகோல் வேண்டும்.

அவ்வளவுகோலை நாம் நெடுந்தொலைவு சென்று தேட வேண்டுவதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புக்களுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பன உள. செய்யுட்கு உரைத்தவற்றைத் திரைப்படத்திற்கு ஏற்றுதல் பொருந்துமோ எனின், குறும்படத்திற்கு நன்கு பொருந்தும் என்போம். குறும்படம் காப்பியத்தினும் தனிப்பாட்டிற்கே நெருங்கிய உறவுடையது. ஓர் இடத்தே, ஒரு பொழுதிலே, ஒருவர் மற்றொருவரிடம் கூறும் கூற்றாக அமைதல் அதற்கு இயல்பு. ஆகவே, யார் கூறுகின்றார், யார் கேட்கின்றார், எது கூறப்படாது நிற்கின்றது என்னும் மூன்று வினாக்களை இங்கு எழுப்புவோம். ஒரு மாணவர் படைத்ததும், இப்பொருளில் முன்னோடியாகக் கருதத் தக்கதுமான ஒரு குறும்படத்தை முதற்கண் ஆராய்ந்து, அதன்வழி இன்றைய மாணவர் கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும் காண்போம்.

2. சொல்லாட்சி

படத்தினுட் புகுமுன் ஒரு சொல்லை ஆராய்தல் கடன். நம் செய்தித்தாள்களில் நெடுங்காலம் வழங்கிய சொல் 'கற்பழிப்பு' என்பது. இத்தொகைச் சொல்லை விரித்துப் பார்ப்பின் அதன் குறை புலப்படும். அழிந்தது கற்பு என்கின்றது. அழிந்த பொருள் பெண்ணிடத்தது என்கின்றது. ஆடவன் செய்த வன்செயல் இன்னதென அச்சொல் கூறவில்லை. குற்றம் செய்தவன் நீங்க, இழப்பு எய்தியவளே சொல்லின் நடுவே நிற்கின்றாள். மேலும், தொல்காப்பியம் கற்பு என்பதனைக் களவோடு வைத்துக் கைகோள் இரண்டனுள் ஒன்றாக, மணந்து வாழும் ஒழுகலாறாகக் கூறும். ஒருவன் வலிந்து அழித்துவிடக்கூடிய பொருளாக அதனைக் கருதுதல் அந்நெறிக்கும் ஒவ்வாது. 'பாலியல் வன்முறை', 'வன்புணர்ச்சி' என்னும் சொற்களோ செயலின் தன்மையைச் சுட்டுகின்றன. செய்தவனை நோக்கி விரல் நீட்டுகின்றன.

எனின், பழைய சொல்லைப் படத்தில் யாரும் கூறலாகாதோ? கூறலாம். காவலர் ஒருவர் வாயினின்றோ தந்தையின் வாயினின்றோ அது வருமாயின், அப்பாத்திரத்தின் உள்ளப்பாங்கை அதுவே காட்டிவிடும். படத்தின் பெயரிலும் விளக்க எழுத்துக்களிலும் வருமாயின் அது படைத்தோன் கூற்றாகிவிடும். ஒரே சொல், கூறுவோர் வேறுபடப் பயன் வேறுபடுகின்றது. கூற்று என்னும் உறுப்பின் இன்றியமையாமை இதனாற் பெறப்படும்.

3. 'நோ லைஸ்': கூற்றும் கேட்போரும்

மிச்சல் பிளாக் என்பார் நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்ற காலத்தில் எடுத்து, 1973-இல் வெளிவந்தது 'நோ லைஸ்' என்னும் படம். 'பொய் இல்லை' என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 16 நிமிடம் ஓடும் சிறுபடம் இது. 2008-இல் அமெரிக்க நாட்டுக் காங்கிரசு நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. மாணவர் படம் ஒன்று பெருநிறுவனப் படங்களோடு ஒருங்கு வைத்துப் போற்றப்பட்டமை கருதத் தக்கது.

கதை மிகச் சிறிது. ஓர் இளம்பெண் வெளியே செல்லுதற்குத் தன் வீட்டில் ஒப்பனை செய்துகொண்டிருக்கின்றாள். அவளை அறிந்த இளைஞன் ஒருவன் படக்கருவியைக் கையிலேந்தி, விளையாட்டாகப் படம் பிடித்துக்கொண்டே பேச்சுக் கொடுக்கின்றான். பேச்சினிடையே, அண்மையில் தனக்கு வன்புணர்ச்சி நேர்ந்ததென அவள் கூறுகின்றாள். கருவி நிற்கவில்லை. அவன் வினவுகின்றான், ஐயுறுகின்றான், மேலும் மேலும் நெருக்குகின்றான். இயல்பாகப் பேசத் தொடங்கிய அப்பெண் சினமும் கண்ணீருமாக உடைகின்றாள். ஈறாக வரும் பெயர்ப்பட்டியலே நமக்கு உண்மையை அறிவிக்கின்றது. அப்பெண்ணாகத் தோன்றியவர் ஷெல்பி லெவரிங்டன் என்னும் நடிகையார். வினவியவராக நடித்தவர் அலெக் ஹிர்ஷ்பெல்டு. நாம் கண்டது நேரே எடுத்த உண்மைப் படம் அன்று; எழுதி, பயின்று, நடித்த புனைவு.

இப்படத்தின் ஆற்றல் எங்குள்ளது? கூறுவோள் யார் என்பதிலும், கேட்போன் யார் என்பதிலேயே அது மிகுதியும் உள்ளது. குற்றம் செய்த கயவன் படத்தில் வருவதில்லை. வருபவன் நண்பன். அவன் குரலில் முதலில் வெறுப்பு இல்லை, ஆர்வமே உண்டு. அவ்வார்வம் ஐயமாகவும், ஐயம் குற்றச்சாட்டாகவும் படிப்படியே மாறுகின்றது. அவன் முகத்தை நாம் காண்பதில்லை. அவன் கண்ணே நம் கண்ணாகிவிடுகின்றது. அவள் பேச்சை அவனோடு நாமும் கேட்கின்றோம். அவன் வினாக்களுட் சில நம் நெஞ்சிலும் முன்னரே எழுந்தவை. 'இவள் இத்துணை இயல்பாகப் பேசுகின்றாளே, உண்மைதானோ' என்று நாம் எண்ணிய நொடியில் அவன் அதனை வாய்விட்டுக் கூறிவிடுகின்றான். பார்ப்போர் தாமே கேட்போராகி, கேட்டலிற் பிழைத்தோரும் ஆகின்றனர். முன்னம் என்னும் உறுப்பு, இக்கூற்று இன்னார் இன்னார்க்கு உரைத்தது என உய்த்துணர வைப்பது. இங்கே அவ்வுறுப்பு நம்மையே பிடித்து நிறுத்துகின்றது.

மெய்ப்பாடு பற்றியும் ஒன்று கூறவேண்டும். துன்புற்றவள் எப்போதும் அழுதுகொண்டிருத்தல் வேண்டும் என்பது மக்களிடை வழங்கும் எண்ணம். மாணவர் எடுக்கும் படங்களிலும் அவ்வழுகையைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவர். பிளாக் அவ்வாறு செய்திலர். கண்ணாடி முன் மை தீட்டிக்கொண்டே கூறுகின்ற பெண்ணை அவர் காட்டினார். அழுகை இல்லாமையே அவளை நம்பாமைக்குக் காரணமாக அமைவதைப் படம் நமக்கு உணர்த்துகின்றது. இறுதியில் வரும் அழுகை பழைய கொடுமையால் மட்டும் வந்ததன்று. இப்போதைய வினாக்களால் வந்தது. மெய்ப்பாட்டின் காரணத்தை இவ்வாறு இடம்மாற்றி வைத்தமை சிறந்த புலமைச் செயலாகும்.

4. எச்சம்

கொடுமையைக் கண்முன் காட்டுதல் வேண்டுமா என்பது இப்பொருளை எடுக்கும் மாணவர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் வினா. காட்டாவிடின் அதன் கொடுமை விளங்காது என்பர் சிலர். இவ்வினாவிற்கு விடை காணுதற்கு வேறு இரு படங்களை ஒப்பு நோக்குவோம்.

ஐடா லுபினோ என்னும் பெண் இயக்குநர் 1950-இல் எடுத்த 'அவுட்ரேஜ்' என்னும் படத்தில், ஒருத்தியை ஒருவன் ஆளற்ற தெருக்களில் துரத்துவது நீளக் காட்டப்படுகின்றது, வன்செயல் காட்டப்படவில்லை. அக்காலத்து அமெரிக்கப் படங்கள் கடுமையான தணிக்கை நெறிக்கு உட்பட்டிருந்தன. அச்செயலின் பெயரைக் கூறுதற்கும் இடமில்லை. ஆகவே அங்குள்ள எச்சம் தணிக்கையாலும் நேர்ந்தது.

ஜானதன் காப்லன் இயக்கி 1988-இல் வெளிவந்த 'தி அக்யூஸ்டு' என்னும் படத்திலோ வன்செயல் நீண்ட காட்சியாகக் காட்டப்படுகின்றது. மதுக்கடை ஒன்றிற் பலர் ஆரவாரித்து நிற்க ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையே அதன் பொருள். துன்புற்றவளாக நடித்த ஜோடி ஃபாஸ்டர் சிறந்த நடிகைக்குரிய ஆஸ்கார் பரிசு பெற்றார். அப்படத்தின் நோக்கம் நன்று. நின்று வேடிக்கை பார்த்து ஊக்கியோரும் குற்றவாளிகளே என்பதனை அது நிலைநாட்டுகின்றது. ஆயினும் அதன் கூற்று அமைப்பை உற்று நோக்குவோம். வழக்கு மன்றத்தில் அப்பெண் தனக்கு நேர்ந்ததைத் தன் வாயாற் கூறும்போது, நாம் காண்பது அவள் முகத்தையே; நிகழ்ச்சி காட்சியாக விரியவில்லை. பின்னர், அங்கிருந்த கல்லூரி மாணவன் ஒருவன் சான்று கூறும்போதுதான் அது காட்சியாக விரிகின்றது. பெண் கூறியது சொல்லாக நின்றது. ஆண் கூறியது காட்சியாகி மெய்யாயிற்று. அவள் சொல்லை நம்புதற்கு அவன் கண் வேண்டியதாயிற்று. இயக்குநர் இதனைக் கருதிச் செய்தாரோ என்பது நம் வினா அன்று. படைப்பு அவ்வாறு கூறுகின்றது என்பதே நாம் காட்ட வேண்டுவது.

இவ்விரண்டற்கும் மாறாக, 'நோ லைஸ்' எச்சத்தைக் கலைநெறியாகவே மேற்கொண்டது. காட்சி இல்லாமையால் நமக்குள்ள சான்று அவள் சொல் ஒன்றே. அதனை ஏற்பதா, தள்ளுவதா என்னும் நிலையில் நாம் நிறுத்தப்படுகின்றோம். துன்புற்ற பெண்ணின் நண்பரும் ஆசிரியரும் உலகியலில் நிற்கும் நிலையும் இதுவே. அவர்க்கு யாரும் காட்சி விரித்துக் காட்டுவதில்லை. ஆதலின், வன்செயலைக் காட்டும் படம் காண்போர்க்கு வாழ்க்கையில் என்றும் கிட்டாத ஒரு சான்றினைத் தந்து, நம்புதல் என்னும் கடமையினின்றும் அவரை விடுவித்துவிடுகின்றது. காட்டாத படம் அக்கடமையை அவர்பாற் சுமத்துகின்றது. நாணம் கருதியோ மென்மை கருதியோ அன்றி, இக்காரணம் பற்றியே மாணவர் படங்களில் வன்செயல் எச்சமாக நிற்றல் வேண்டும் என்கின்றோம்.

5. தடையும் விடையும்

'நோ லைஸ்' படத்தின்மேல் வலிய தடை ஒன்று உண்டு. நடிப்பை உண்மையென நம்பவைத்து, இறுதியில் ஏமாற்றத்தை அறிவிப்பது காண்போர்க்கு இழைக்கும் வன்முறை அன்றோ என்பது அது. விவியன் சாப்சாக் என்னும் அறிஞர் 1977-இல் எழுதிய கட்டுரை இதனை விரிவாக ஆராய்ந்தது. கருவியைக் கையிலேந்தி நெருங்கி நிற்கும் நேரடிப் படமுறையே ஒரு வன்செயலாக மாறக்கூடும் என்பதும், அப்பெண்ணைப் போன்றே காண்போரும் அதற்கு ஆளாகின்றனர் என்பதும் அவர் காட்டிய உண்மைகள்.

1973-ஆம் ஆண்டுச் சூழலில் இத்தடைக்கு விடை உண்டு. அரங்கிலோ வகுப்பறையிலோ அமர்ந்து படத்தை முதல் முதல் இறுதிவரை கண்டோர், பெயர்ப்பட்டியலையும் கண்டனர். ஏமாற்றமும் அதன் தெளிவும் ஒரே இருக்கையில் நிகழ்ந்தன. தாம் ஏமாந்ததை உணர்ந்தோர், தாம் எதன் அடிப்படையில் நம்பினோம், எதன் அடிப்படையில் ஐயுற்றோம் என எண்ணத் தலைப்பட்டனர். ஏமாற்றம் இங்கே பாடத்தின் கருவியாயிற்று.

இன்றோ நிலைமை வேறு. குறும்படம் துண்டு துண்டாகக் கைப்பேசிகளிற் பரவுகின்றது. 16 நிமிடப் படத்தினின்று அரை நிமிடத்தை வெட்டி எடுத்து அனுப்புவாரே பலர். வெட்டிய துண்டு பெயர்ப்பட்டியலை உடன் கொண்டு செல்வதில்லை. நடித்த பெண்ணை உண்மையிலே துன்புற்றவள் எனக் கருதி ஊரார் பேசுவர். அன்றேல், நடிப்பு என்பது வெளிப்பட்ட பின்னர், உண்மையிலே துன்புற்றோர் கூற்றையும் நடிப்பென இகழ்வர். ஆகவே பிளாக்கின் உத்தியை இன்றைய மாணவர் அவ்வாறே எடுத்தாளுதல் தகாது என்பது நம் துணிபு. அவர் கண்ட உண்மையை, அஃதாவது கேட்போன் செய்யும் பிழையைக் கொள்ளலாம். மெய்ப்படம்போல் நடிக்கும் உத்தியை விடவேண்டும். ஒரு முறை சிறந்து நின்ற உத்தி எக்காலத்தும் சிறக்கும் எனக் கொள்ளுதல் திறனாய்வு ஆகாது.

6. களனும் காலமும்

'நோ லைஸ்' ஒரு மாணவர் எடுத்த படமாயினும், பல்கலைக்கழகம் அதன் களன் அன்று. தனி வீடே களன். பல்கலைக்கழகத்தைக் களனாகக் கொள்ளுங்கால் புதிதாகச் சேர்வது யாது? கேட்போர் தனி ஒருவராக நில்லாது, நிறுவனமாகிவிடுதலே அது. விடுதிக் காப்பாளர், துறைத்தலைவர், ஆய்வு நெறியாளர், உடன்பயிலும் தோழர், விசாரணைக் குழு என ஒருவர்பின் ஒருவராகப் பலர் கேட்கின்றனர். ஒவ்வொருவர்க்கும் அவள் முதலிலிருந்து கூறவேண்டும். 'ஏன் அங்குச் சென்றாய்', 'ஏன் அப்போதே கூறவில்லை' என்னும் வினாக்கள் அன்புடையார் வாயிலிருந்தும் வருகின்றன. அவளைத் துன்புறுத்தியவன் நாளை அதே வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்திருப்பான். நெறியாளரே குற்றவாளியாயின், அவர் கையொப்பமின்றி அவள் ஆய்வேடு நகராது. இவை பல்கலைக்கழகத்திற்கே உரிய நாடகப் பொருள்கள். இருண்ட சந்தும் முகமூடி அணிந்த கயவனும் எந்த ஊர்க்கும் பொது.

காலமும் அவ்வாறே. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வகுத்த ஒழுங்குமுறை, ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனமும் உள்ளகப் புகார்க் குழு அமைத்தல் வேண்டும் என்கின்றது. நிகழ்ச்சிக்குப்பின் 3 மாதத்திற்குள் புகார் எழுதித் தருதல் வேண்டும். தக்க காரணம் காட்டின் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிதல் வேண்டும். 3 மாதம் என்பது ஒரு பருவத்தினும் குறைந்த காலம். ஒருத்தி தனக்கு நேர்ந்ததற்குப் பெயரிட்டு, அதனைத் தாளில் எழுதத் துணிவதற்குள் தேர்வும் விடுமுறையும் வந்துவிடும். இக்கால எல்லையைக் கதையின் முதுகெலும்பாகக் கொண்டு ஒரு மாணவர் படம் எடுப்பின், அதற்கு இயல்பான இறுக்கம் தானே வந்தமையும். இசையால் அச்சம் ஊட்டவேண்டுவதில்லை.

நிறுவனத்தைக் கேட்போராகக் காட்டிய பெரும்படம் கெர்பி டிக் இயக்கி 2015-இல் வெளிவந்த 'தி ஹண்டிங் கிரவுண்டு' என்னும் ஆவணப்படம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவியர் முறையீட்டை எவ்வாறு எதிர்கொண்டன என்பதனை, அவரே பேச அது காட்டிற்று. அவ்வாண்டே ஹார்வார்டு சட்டப் பள்ளியைச் சார்ந்த பேராசிரியர் 19 பேர், அங்கு நிகழ்ந்த ஒரு வழக்கைப் படம் ஒருதலையாகக் காட்டியதென வெளிப்படையாக மறுத்துரைத்தனர். அவ்வழக்கின் உண்மையைத் தீர்ப்பது நம் பணி அன்று. நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு: ஆவணப்படம் உண்மை மாந்தரைச் சுட்டுதலால், அதன் ஒவ்வொரு கூற்றும் சான்றாகக் கொள்ளப்பட்டு எதிர்வாதத்திற்கு உள்ளாகின்றது. விசாரிக்கும் ஆற்றலும் சட்டத்துணையும் இல்லாத மாணவர்க்குப் புனைவே தக்க வழி. புனைவு எவரையும் குற்றஞ்சாட்டாது. எனினும் கேட்டலின் பிழையை முழுமையாகக் காட்டவல்லது.

7. ஆக்கநெறி

படைப்பின் அறம் படத்தினுள் மட்டும் அமைவதன்று. அதனை ஆக்கும் முறையிலும் அமைதல் வேண்டும். மாணவர் பலர் தாம் அறிந்த ஒருத்தியின் துன்பத்தையே கதையாகக் கொள்கின்றனர். அவள் இசைவு தந்தாளா? எழுதிய கதையை அவட்குக் காட்டினரா? இடையே அவள் வேண்டாம் என்றால் நிறுத்துவரா? இம்மூன்றற்கும் தெளிந்த விடை இல்லையேல், 'நோ லைஸ்' படத்து இளைஞன் செய்ததையே இவரும் செய்கின்றனர். துறை, ஆண்டு, ஊர், விடுதியறை முதலிய அடையாளங்களை மாற்றுதலும் இன்றியமையாதது. துன்புற்றோரை அடையாளம் காட்டுதல் பாரதீய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றமாகும். 2024 திசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர்க்குக் கொடுமை நேர்ந்தபோது, அவரை அடையாளம் காட்டும் குறிப்புக்களோடு முதல் தகவல் அறிக்கையே வெளியிற் பரவிற்று. அவருக்கு இடைக்கால இழப்பீடாக 25 இலட்சம் ரூபாய் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பெயர் வெளிப்படுதல் எத்துணைப் பெருந்தீங்கு என்பதற்கு இது போதிய சான்று.

நடிப்போர் பொருட்டும் கருதவேண்டும். ஒரே வகுப்பிற் பயிலும் மாணவனும் மாணவியும் இத்தகைய காட்சியில் நடித்து, மறுநாள் உடனமர்ந்து பாடம் கேட்பவர். எது நடிக்கப்படும், யார் உடனிருப்பர், எச்சொல் கூறின் படப்பிடிப்பு நிற்கும் என்பன முன்னரே எழுத்தில் உறுதி செய்யப்படல் வேண்டும். மேலைநாட்டுப் படநிறுவனங்கள் 2018 முதல் இதற்கெனத் தனி ஒருங்கிணைப்பாளரை அமர்த்தத் தொடங்கின. மாணவர்க்கு அவ்வசதி இல்லையாயினும், நெறியைக் கொள்ளுதற்குப் பொருட்செலவு இல்லை.

8. முடிவுரை

'நோ லைஸ்' தவறாகக் கேட்பவனைக் காட்டிற்று. அதனை நிகரற்ற திறத்தோடு காட்டிற்று. ஆயினும், தொடக்கம் முதல் இறுதிவரை கருவி அவன் கையிலேயே இருந்தது. நன்றாகக் கேட்பவர் எவ்வாறிருப்பர் என்பதனை அது காட்டவில்லை; அதன் 16 நிமிட எல்லையுள் அதனை எதிர்பார்த்தலும் கூடாது. அவ்விடமே இன்றைய மாணவர்க்கு ஒழிந்து கிடக்கும் இடம்.

நன்றாகக் கேட்டலைக் காட்டுதல் அரிது. ஏனெனின் அங்கே நிகழ்ச்சி குறைவு. வினா எழுப்பாது உடனிருத்தலும், கூறும்வரை பொறுத்தலும், கூறியபின் 'இனி நீ யாது விரும்புகின்றாய்' என ஒன்றே வினவுதலும் படக்கருவிக்கு எளிதில் அகப்படுவன அல்ல. ஆயினும் நம் அகப்பாட்டு மரபு அத்தகைய கேட்போர் ஒருவரை முன்னரே படைத்துத் தந்துள்ளது. தலைவி வாய்திறவா முன்னரே அவள் மாற்றத்தைக் குறிப்பால் உணர்ந்து, அவள் கூறுமளவும் காத்து, பின் அவள் பொருட்டுத் தாயிடத்தும் ஊரிடத்தும் பேசத் துணியும் தோழியே அவள். அகம் ஒத்த அன்பைப் பாடுவது. நாம் ஆராய்ந்த பொருளோ அதற்கு முற்றிலும் மாறானது. ஆகவே பொருளை அங்கிருந்து கொள்ளல் இயலாது. கேட்கும் முறையை மட்டும் கொள்ளலாம். அத்தோழியை விடுதியறையிலும் விசாரணைக் குழுவின் மேசை அருகிலும் கொணர்ந்து நிறுத்தும் குறும்படம் ஒன்று வருமாயின், அதனைக் காணும் மாணவி ஒருத்தி வாய்திறக்கத் துணிவாள். உடனிருப்பவர் எவ்வாறு கேட்பது என்பதனைக் கற்பார். இப்பொருளில் எடுக்கப்படும் படத்திற்கு இதனினும் சிறந்த பயன் வேறில்லை.